டியூபாவும் மூச்சும்: ஒரு மாணவியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு பாடசாலையில் உயர்தரம் படிக்கிறேன். எட்டாம் தரத்திலிருந்து பாடசாலை பாண்ட் குழுவில் இருக்கிறேன். முதலில் ட்ரம்பெட் வாசித்தேன், பிறகு டியூபா என்ற பெரிய பித்தளை ஊது வாத்தியத்துக்கு மாறினேன். இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, மாதா கோயில் திருவிழா ஊர்வலம் எல்லாவற்றிலும் வாசித்திருக்கிறேன். இந்த ஆண்டு எங்கள் இசை ஆசிரியர் எட்டுப் பேரைச் சேர்த்து ஒரு ஜாஸ் குழு தொடங்கினார். எங்களிடம் டபுள் பேஸ், அதாவது அடிச் சுரங்களை வாசிக்கும் ஆளுயர நரம்பு வாத்தியம், இல்லாததால் அந்தப் பகுதியை என்னிடம் தந்தார். டபுள் பேஸுக்கு எழுதியது என்பதால் எல்லாவற்றையும் ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கும்படி சொன்னார். எங்களுடையது மூன்று வால்வ் (விரலால் அழுத்தும் விசை) உள்ள பி ஃபிளாட் டியூபா.

வோக்கிங் பேஸ், அதாவது ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரமாக நடந்துபோகும் அடித்தள வரி, வாசிக்கும்போது நான்கு பார் (பதினாறு அடி) போவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. அடியிலுள்ள சில சுரங்கள், முக்கியமாக ‘ஈ’, சுருதி சேர்வதில்லை. ரொறன்ரோவிலிருக்கும் பெரியப்பா ஒரு பேஸ் கிற்றார் அனுப்புவதாகச் சொல்கிறார். ஜாஸுக்கு அதுதான் முறையாம், டியூபா ஊர்வலத்துக்கு மட்டும்தானாம். அம்மம்மாவோ பெண்பிள்ளைக்கு இவ்வளவு பாரம் எதற்கு என்கிறார். எங்கள் ஊருக்கும் ஜாஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நான் டியூபாவை விட்டுவிடலாமா? என் பெயரையும் பாடசாலையின் பெயரையும் வெளியிட வேண்டாம்.

– ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

விட வேண்டாம். பேஸ் கிற்றார் வந்தால் அதையும் படியுங்கள், நல்ல வாத்தியம்தான். ஆனால் இந்த எட்டுப் பேர் குழுவில் உங்கள் இடம் டியூபாவோடுதான். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் குறையென்று எழுதியிருக்கும் மூச்சுப் பிரச்சினையில்தான் உங்கள் குழுவுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல விடயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப்போகிறேன்.

முதலில் பெரியப்பாவின் கூற்று. பேஸ் கிற்றார் ஜாஸுக்குக் கடைசியாக வந்துசேர்ந்த வாத்தியங்களில் ஒன்று. அமெரிக்கக் கிற்றார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1951இல். டியூபா அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. பிரஷ்யாவில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்ற இருவர் 1835இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஜாஸ் உருவான காலத்தில், உட்கார்ந்து வாசிக்கும் இடங்களில் டபுள் பேஸும் தெருவில் நடந்து வாசிக்கும் பித்தளைக் குழுக்களில் டியூபாவும் அடித்தளத்தைப் பிடித்தன. சவ ஊர்வலத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் ஒரே குழுதான் வாசித்தது. ஊர்வல வாத்தியம் என்று சொல்லி அதை ஜாஸிலிருந்து தள்ளிவைக்கிறோம், ஆனால் ஜாஸின் ஒரு கால் ஊர்வலத்தில்தான் ஊன்றியிருக்கிறது. 1927இல் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ரோங் தன் ஐவர் குழுவை எழுவராகப் பெருக்கிச் சிகாகோவில் ஒலிப்பதிவு செய்தபோது புதிதாகச் சேர்த்துக்கொண்டவை ட்ரம்ஸும் டியூபாவும். அந்த டியூபாவை வாசித்தவர் பீட் பிரிக்ஸ்.

பிறகு ஏன் டபுள் பேஸ் மேலோங்கியது? 1925க்குப் பிறகு மின் ஒலிப்பதிவு வந்து நரம்பின் மெல்லிய அடியொலியையும் பிடிக்கத் தொடங்கியது. அதே காலத்தில் இசையும் மாறியது. பாருக்கு இரண்டு அடி வாசித்த பேஸ் நான்கு அடியும் நடக்க வேண்டியதாயிற்று. நடப்பதற்கு விரல் போதும் என்கிற வாத்தியத்துக்கு அது எளிது. மூச்சால் நடக்க வேண்டிய வாத்தியத்துக்குக் கடினம். உங்கள் நான்கு பார் பிரச்சினையை அன்றைய டியூபாக்காரர்களும் அனுபவித்தார்கள். பலர் இரண்டு வாத்தியங்களையும் கையில் வைத்திருந்து, மெல்ல மெல்ல ஒன்றைக் கீழே வைத்தார்கள்.

அதோடு கதை முடியவில்லை. 1949இலும் 1950இலும் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஒன்பது பேர் குழுவோடு ஒலிப்பதிவு செய்தபோது அதில் டபுள் பேஸும் இருந்தது, பில் பார்பரின் டியூபாவும் இருந்தது. அடித்தளத்தை டபுள் பேஸ் பார்த்துக்கொள்ள, டியூபா சாக்ஸபோனோடும் ஃபிரெஞ்ச் ஹோனோடும் சேர்ந்து மெட்டுக்குள் போனது. 1977இல் நியூ ஓர்லியன்ஸில் தொடங்கிய டர்ட்டி டஸன் பிராஸ் பாண்டில் கேர்க் ஜோசப் சூசபோனில், அதாவது தோளில் சுற்றி மாட்டும் டியூபாவில், வாசித்தவற்றை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். இன்றைக்கு லண்டனில் டியூபா வாசிக்கும் தியோன் கிராஸ் இருக்கிறார். பார்பர், ஜோசப், கிராஸ் ஆகிய இந்த மூவரையும் ஒரு வாரம் கேளுங்கள்.

இனி மூச்சு. பி ஃபிளாட் டியூபாவின் குழாயை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 18 அடி வரும். அடிச் சுரங்களுக்குக் காற்று மிக வேகமாகச் செலவாகும், சத்தத்தைக் கூட்டினால் இன்னும் வேகமாக. உங்கள் நெஞ்சு சிறியது என்பதல்ல காரணம். அந்த வாத்தியத்தில் பன்னிரண்டு பார் இடைவிடாமல் நடப்பது தேர்ந்தவர்களுக்கும் கடினம். உங்கள் ஆசிரியர் தந்த தாள் டபுள் பேஸுக்கு எழுதப்பட்டது. அதில் மூச்சுக்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள், விரலுக்கு மூச்சு தேவையில்லை. அந்தத் தாளை அப்படியே நிறைவேற்றப் பார்ப்பதால்தான் நான்காவது பாரில் விழுகிறீர்கள்.

செய்ய வேண்டியது, சில சுரங்களை வாசிக்காமல் விடுவது. ஒரு சுரத்தைச் சுருக்கி அவசரமாக மூச்சை இழுத்தால் அடுத்த அடி பிந்தும், முழுக் குழுவும் உங்களோடு பிந்தும். ஒரு சுரத்தை முழுதாகவே விட்டுவிட்டு அந்த இடத்தில் ஆறுதலாக மூச்சு வாங்கினால் தாளம் அசையாது. எதை விடலாம்? முதலாவது அடியை விடாதீர்கள். கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும் இடத்தையும் விடாதீர்கள். அங்கே உங்கள் சுரத்தைக் கேட்டுத்தான் மற்ற ஏழு பேரும் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அறிகிறார்கள். ஒரே கோர்ட் இரண்டு பார் நீடிக்கும் இடத்தில் இரண்டாவது அல்லது நான்காவது அடி பெரும்பாலும் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் வழிச்சுரம்தான், அதை விடலாம். பென்சிலால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடுங்கள், குறைந்தபட்சம் தொடக்க மாதங்களில். நீங்கள் எங்கே விடுவீர்கள் என்று ட்ரம்ஸ் வாசிப்பவருக்குத் தெரிந்துவிட்டால் அவர் அந்த வெற்றிடத்தில் ஏதாவது செய்யத் தொடங்குவார். சாக்ஸபோன் வாசிப்பவர் அங்கே தன் வரியை முடிக்கக் கற்றுக்கொள்வார். மூச்சு வாங்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம், எந்தச் சுரம் தேவை, எது தேவையில்லை என்று ஒவ்வொரு பாரிலும் உங்களைத் தீர்மானிக்க வைக்கிறது. பேஸ் கிற்றார் வாசிக்கும் பிள்ளைகளில் பலர் இந்தத் தீர்மானத்துக்குப் பல ஆண்டுகள் பிந்தித்தான் வருகிறார்கள். நிறுத்தாமல் வாசிக்க முடியும் என்பதால் நிறுத்தாமல் வாசிக்கிறார்கள்.

வேகமான பாட்டுகளில் நான்கு அடியும் நடக்கவே வேண்டாம். முதலாம் மூன்றாம் அடிகளில் மட்டும், கோர்ட்டின் அடிச்சுரமும் ஐந்தாம் சுரமுமாக, இரண்டடியில் போங்கள். இரண்டாம் நான்காம் அடிகளில் ட்ரம்ஸின் ஹை-ஹற், அதாவது காலால் மிதித்து மூடும் தாளத்தட்டு ஜோடி, மூடட்டும். இருவரும் மாறி மாறி ஒரு தாளத்தைச் செய்வதன் சுகம் அப்போது தெரியும்.

நம்மூர்க் கூத்தில் இதைக் கண்டிருப்பீர்கள். வட்டக்களரியின் நடுவே கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கிறார். ஆட்டக்காரர் தாளமில்லாத விருத்தம் பாடும்போது மத்தளம் பேசாது. தாளத்தோடு பாடும் தரு தொடங்கியதும் மத்தளமும் சல்லாரி என்ற கைத்தாளமும் எழும்பும், ஆட்டக்காரரின் கால் அதில் ஏறிக்கொள்ளும். விடியும்வரை முழுக் களரியையும் கையில் வைத்திருப்பவர் அவர். எங்கே அடிக்காமல் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, அடுத்த முறை எங்காவது அரங்கேற்றம் நடந்தால் ஆட்டக்காரரைப் பார்க்காமல் ஒரு மணித்தியாலம் அண்ணாவியாரின் கையை மட்டும் பாருங்கள். உங்கள் ஜாஸ் குழுவில் நீங்கள் நிற்பது அந்த இடத்தில்.

அடுத்தது ‘ஈ’. உங்கள் காதும் சரி, உதடும் சரி. வாத்தியத்தின் கணக்கு அப்படி. முதல் வால்வ் ஒரு முழுச்சுரம் இறக்கும், இரண்டாவது அரைச்சுரம், மூன்றாவது ஒன்றரை. ஒவ்வொன்றும் சேர்க்கும் குழாயின் நீளம், வேறு எதுவும் அழுத்தாத நிலையை வைத்து அளந்தது. ஒன்றை அழுத்தியதும் மொத்தக் குழாய் நீண்டுவிடுகிறது, அடுத்த வால்வ் சேர்க்கும் துண்டு அந்த நீண்ட குழாய்க்குப் போதாது. மூன்றையும் ஒன்றாக அழுத்தும்போது, வால்வுகள் தனித்தனியே சரியாகச் சுருதி சேர்ந்திருந்தால், 20 சென்றிமீற்றருக்கும் மேல் குழாய் குறைகிறது. அடி ‘ஈ’க்கு உங்களுக்கு இருப்பது அந்த மூன்று வால்வும் சேர்ந்த விரலமைப்புத்தான். ஆகவே அது மேலே ஏறித்தான் ஒலிக்கும். நான்காவது வால்வ் உள்ள டியூபாக்களில் இரண்டையும் நான்கையும் சேர்த்து இதைச் சரிசெய்வார்கள். லண்டனில் பிளெய்க்லி என்பவர் 1874இல் இந்தக் குறையைத் தானாகவே ஈடுசெய்யும் வால்வ் அமைப்பை உருவாக்கினார். உங்களிடம் அவை இல்லை. உங்கள் டியூபாவில் முதல் வால்வின் இழுகுழாய் (நீளத்தை மாற்ற இழுக்கும் குழாய்த் துண்டு) இடக்கைக்கு எட்டினால் அந்தச் சுரத்துக்கு அதை இழுத்துப் பிடியுங்கள். எட்டாவிட்டால் அந்த ‘ஈ’யை ஒரு ஸ்தாயி மேலே வாசியுங்கள். அங்கே இரண்டாவது வால்வ் மட்டும் போதும், சுருதியும் நன்றாக இருக்கும்.

இங்கே உங்கள் ஆசிரியர் சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டபுள் பேஸ் தாளில் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பது உண்மை, அவர் சொன்னது சரி. ஆனால் முழுப் பாட்டையும் அந்த ஆழத்தில் வாசிக்க வேண்டியதில்லை. எழுதிய உயரத்திலேயே வாசித்தால் காற்று குறைவாகச் செலவாகும், சுரம் தெளிவாகத் தொடங்கும். முக்கியமான இடங்களில் மட்டும் கீழே இறங்குங்கள், அந்த இறக்கத்துக்கு அப்போது ஒரு மதிப்பு இருக்கும். இதை அவரிடம் பணிவாகக் கேட்டுப்பாருங்கள். எட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஜாஸ் குழு தொடங்கும் ஆசிரியர் காது கொடுப்பார்.

பயிற்சிக்குப் பி ஃபிளாட்டில் பன்னிரண்டு பாரில் சுற்றிவரும் புளூஸ் பாட்டு வடிவத்தை எடுங்கள். அதன் மூன்று கோர்ட்டுகளின் அடிச்சுரங்கள் பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப். முதலாவதும் மூன்றாவதும் உங்கள் டியூபாவில் வால்வ் இல்லாமலே வரும், ஈ ஃபிளாட்டுக்கு முதல் வால்வ் மட்டும். விரலைப் பற்றிய கவலை இல்லாததால் முழுக் கவனமும் மூச்சிலும் தாளத்திலும் இருக்கும். இன்னொன்று, கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண்டபம் கொதிக்கும், குழாய்க்குள் காற்று சூடானால் சுருதி ஏறும். பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகுதான் மற்றவர்களோடு சுருதி சேருங்கள்.

ஊருக்கும் ஜாஸுக்கும் என்ன தொடர்பு என்பவர்களுக்கு இரண்டு விடயங்கள் சொல்லலாம். போர்த்துக்கேய வழிவந்த நம்மூர்ப் பறங்கியர் திருமண வீடுகளில் ஆடும் கபரிஞ்ஞா நடன இசையைக் கேளுங்கள். ஆறு-எட்டுத் தாளம், ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிகிறது. ஜாஸின் ஸ்விங் நடையிலும் அடி ஏறத்தாழ மூன்றாகத்தான் பிரிகிறது, முதல் இரண்டு பங்கும் ஒட்டிக்கொண்டு நீளும். திஸ்ர நடை பழகிய காதுக்கும் பைலா கேட்டு வளர்ந்த காலுக்கும் அது அந்நியமே அல்ல. ஒரு கபரிஞ்ஞா மெட்டை டியூபா அடித்தளத்தோடு உங்கள் குழு வாசித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆசிரியரிடம் கேளுங்கள்.

மற்றது, நியூ ஓர்லியன்ஸ் நமக்கு அவ்வளவு தொலைவான நகரம் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மட்டக்களப்புக்கு வந்த அமெரிக்க இயேசு சபைக் குருமார் அந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள். 1948இல் வந்த ஹரி மில்லர் அடிகளார் நியூ ஓர்லியன்ஸ்காரர். புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தை வளர்த்து, 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமல் போன யூஜின் ஹெபர்ட் அடிகளார் அதே லூசியானா மாநிலத்தவர். அவர்கள் இங்கே ஜாஸ் கற்பித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர் மனிதர்களைத் தன் சொந்த மனிதர்களாகக் கொண்டாடிய நகரம், அந்த ஊர் இசையை அந்நியம் என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

அம்மம்மாவின் கவலை நியாயமானது, டியூபா பாரம்தான். ஜாஸ் குழுவில் நடக்க வேண்டியதில்லை, கதிரையில் அமர்ந்து வாசிக்கலாம் என்று சொல்லுங்கள். வாத்தியம் உயரமாக நிற்காவிட்டால் மடியில் ஒரு துவாயை மடித்து அதன்மேல் வையுங்கள், கழுத்தை அதற்காக வளைக்க வேண்டாம். ஃபிலடெல்ஃபியா ஓர்கெஸ்ட்ராவின் முதன்மை டியூபா வாசிப்பாளராக 2006இல் பொறுப்பேற்ற கேரல் ஜான்ட்ஷ் ஒரு பெண், பல்கலைக்கழக மாணவியாக இருக்கும்போதே அந்த இடத்துக்குத் தேர்வானவர். அவருடைய வாசிப்பு ஒன்றை அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பெரியப்பாவிடம் கேட்பதென்றால் நான் கேட்கச் சொல்வது இவைதான்: வால்வ் எண்ணெய் இரண்டு மூன்று போத்தல், இழுகுழாய்க்குப் பூசும் கிரீஸ், உள்ளே கழுவுவதற்கு நீண்ட வளையும் தூரிகை ஒன்று. கடலுக்கும் வாவிக்கும் இடையில் நாம் இருக்கிறோம், உப்புக் காற்றில் இழுகுழாய் இறுகிவிட்டால் அந்த ‘ஈ’யை யாராலும் சரிசெய்ய முடியாது. இவை வந்துசேர்ந்த பிறகு மிச்சப் பணம் இருந்தால் கிற்றாரையும் அனுப்பட்டும்.

அன்புடன்.