நாலு வயசுப் பிள்ளையைப் புஷ்ஷுக்கு அனுப்பலாமா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது. அவன் போகும் கிண்டரில் (மழலையர் பள்ளியில்) வாரம் ஒருநாள் ‘புஷ் கிண்டர்’ என்று ஓடைக்கரைக் காட்டுக்குக் கூட்டிப் போகிறார்களாம். மரம் ஏறலாம், குச்சி வைத்து விளையாடலாம் என்கிறார்கள். பாம்பு இருக்குமே! அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடலாம். அதற்கு முன் கிண்டரில் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் விக்டோரியா மாநிலத்தில் இது புதுசு இல்லை. வெஸ்ட்கார்த் கிண்டர்கார்டன் 2011-இலேயே டேரபின் பார்க்லேண்ட்ஸ் என்ற ஓடைக்கரைப் பூங்காவில் இதைத் தொடங்கிவிட்டது.

காட்டில் உள்ள ஆபத்துகள் இரண்டு வகை. கிளையின் உயரம், வழுக்கும் பாறை போன்றவற்றைப் பிள்ளையே பார்த்து எடைபோட முடியும். தலைக்கு மேலே காய்ந்து தொங்கும் யூகலிப்டஸ் கிளை, புல்லுக்குள் பாம்பு, ஓக் மரத்தடியில் முளைக்கும் டெத் கேப் என்ற கொடிய காளான் ஆகியவை அவன் கண்ணுக்குப் படாது, பட்டாலும் புரியாது. முதல் வகையை அவனிடம் விடலாம். இரண்டாவது முழுக்கப் பெரியவர்கள் பொறுப்பு.

மரமேறுவதில் ஒரே விதிதான்: நீங்கள் தூக்கிக் கிளையில் உட்கார வைக்காதீர்கள். தானாக ஏறிய பிள்ளைக்கு எங்கே கால் வைத்தோம், எதைப் பிடித்தோம் என்பது தெரியும். பெரும்பாலும் இறங்கவும் தெரியும். “டேய், விழுந்துடுவே!” என்று கீழேயிருந்து கத்தினால் அவன் கவனம் கிளையை விட்டு உங்களிடம் வந்துவிடும். (நம் வீடுகளில் இதை நிறுத்துவதுதான் கஷ்டம், குறிப்பாகத் தாத்தா பாட்டி வந்திருந்தால்.) “அடுத்த காலை எங்கே வைக்கப் போறே?” என்று கேளுங்கள், யோசிப்பான்.

சரி, பாம்பு. மெல்பர்ன் ஓடைக்கரைகளில் டைகர் ஸ்நேக் உண்டு, ஈஸ்டர்ன் பிரவுனும் உண்டு. இரண்டுக்கும் கடும் விஷம். வெயில் காலத்தில் நடமாட்டம் அதிகம். ஆனாலும் ஆஸ்திரேலியா முழுவதும் பாம்புக்கடியால் இறப்பவர்கள் சராசரியாக ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர்தான். பிள்ளைகள் வருமுன் ஆசிரியர்கள் இடத்தைச் சுற்றிப் பார்க்கிறார்களா, பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று பிறகு மெதுவாகப் பின்வாங்கப் பழக்குகிறார்களா, அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் ஊரில் செய்வதுபோலக் கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, கழுவுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் பேண்டேஜ் அழுத்திச் சுற்றி, அசையாமல் வைத்து, அவசர உதவி எண்ணான 000-க்கு அழைக்க வேண்டும்.

அப்புறம் காற்றும் தீயும். எவ்வளவு காற்று வீசினால், தீ அபாய அளவு எங்கே போனால் பயணத்தை ரத்து செய்வார்கள்? இதற்குத் திட்டவட்டமான பதில் இருக்க வேண்டும். அபாய மதிப்பீட்டை எழுதி வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். காட்டச் சொல்லிப் படியுங்கள். “ஒண்ணும் ஆகாது” என்று மழுப்பினால் கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.

உங்கள் பங்குக்கு, அந்த நாளில் முழுநீள பேன்ட், மூடிய ஷூ, தொப்பி, மாற்றுத்துணி. யூவி (புற ஊதாக் கதிர்) அளவு 3-ஐத் தொட்டால் சன்ஸ்கிரீனும்.