நாய்ப் பந்தயத்திலிருந்து மீட்ட கிரேஹவுண்டு நாய்களை வண்டியில் ஏற்றிவரவும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் நான் முன்வரலாமா? நாய் வளர்த்த அனுபவம் இல்லை.

தாராளமாக முன்வரலாம். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை: "வண்டி ஓட்டுவது சுலபம், வீட்டில் வைத்துக்கொள்வதுதான் பயமாக இருக்கிறது." என் அனுபவம் இதற்கு நேர் எதிர். 4 வருடமாக இதைச் செய்கிறேன். 11 நாய்கள் என் வீட்டில் தங்கி, வேறு வீடுகளுக்குப் போயிருக்கின்றன (பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமையும்தான்). என் கையை விட்டு ஓடியது ஒரே ஒரு நாய். அது ஓடியது வீட்டிலிருந்து இல்லை, வண்டிக் கதவிலிருந்து.

நீங்கள் வேலைக்குப் போகிறவர், சின்ன வீடு, ஓடுகிற நாய்க்கு மைதானம் வேண்டுமே என்று யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கவலை வேண்டாம். மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இந்த நாய் அரை நிமிடம் அப்படி ஓடும், மிச்ச நேரமெல்லாம் தூங்கும். நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து தூங்குவதை முதல் தடவை பார்த்தபோது என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப் போனேன்.

வண்டி வேலை எப்படி என்றால், நெடுந்தூரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஒருவர் இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய் வழியில் ஓர் இடத்தில் நாயைக் கைமாற்றுவார், அடுத்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். ஆபத்து ஓட்டுவதில் இல்லை, அந்தக் கைமாற்றத்தில் இருக்கிறது. இந்த நாயின் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அகலம், அதனால் சாதாரணக் கழுத்துப்பட்டை காதைத் தாண்டி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மார்ட்டிங்கேல் என்று ஒரு பட்டை இருக்கிறது, நாய் பின்வாங்கி இழுத்தால் தானாக இறுகும். அதை மேலே, காதுக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மாட்ட வேண்டும். இதையெல்லாம் எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அன்று என்னிடம் இரண்டு நாய்கள். ஒன்று கருப்பு ஆண், பரம சாது. இன்னொன்று சாம்பல் நிறப் பெண், 28 கிலோ, நாங்கள் பிறகு குட்டி என்று கூப்பிட்டது இவளைத்தான். வண்டியில் ஏறியதிலிருந்து நடுங்கிக்கொண்டே இருந்தாள். பட்டை அவள் தொண்டையை நெருக்குகிறது என்று எனக்குத் தோன்றியது. தொண்டையில் அந்தத் தோல் அவ்வளவு மெல்லியது, நரம்பு துடிப்பது கூடத் தெரியும். பாவம் என்று ஒரு விரல் அளவு தளர்த்திவிட்டேன்.

கைமாற்றும் இடத்தில் நான் கதவைத் திறந்த நேரம், பக்கத்தில் நின்ற லாரி ஒன்று காற்று பிரேக்கைப் புஸ் என்று விட்டது. குட்டி முன்னால் பாயவில்லை, பின்னால் இழுத்தாள். என் கையில் கயிறு இருந்தது, கயிற்றின் முனையில் பட்டையும் இருந்தது, அதற்குள் நாய் இல்லை. சாலைப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கக் காலி நிலத்தில் போனாள் என்பது அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. நான் மூன்று எட்டு எடுத்து வைப்பதற்குள் அவள் ஒரு புள்ளியாகிவிட்டாள்.

வண்டிகளை ஒருங்கிணைக்கும் அம்மாவுக்கு போன் செய்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஓடாதீங்க, பேர் சொல்லிக் கத்தாதீங்க, அவளுக்குப் பேரே தெரியாது. அந்த இன்னொரு நாயைக் கயிறோட இறக்கி, நல்லாத் தெரியற மாதிரி நிறுத்துங்க. பைக்குள்ள ஒரு ஊதல் இருக்கும், எடுங்க" என்றார். அந்த ஊதலை ஸ்குவாக்கர் என்பார்கள். முயல் அலறுவது போலக் கத்தும், ஓட்டப் பயிற்சியில் பயன்படுத்துவது. ஊதினேன். ஒன்றும் இல்லை. மறுபடி ஊதினேன். தூரத்தில் அந்தப் புள்ளி நின்றது, காது இரண்டும் எழுந்தது, போன வேகத்திலேயே திரும்பி வந்தது. கருப்பு நாயின் பக்கத்தில் வந்து மூச்சு வாங்க நின்றவளைப் பிடித்துக்கொண்டேன். எந்தப் பயிற்சி வேண்டாம் என்று அவளைக் கூட்டி வருகிறோமோ அந்தச் சத்தம்தான் அவளைக் காப்பாற்றியது, இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"அஜாக்கிரதையான ஆள், இவரெல்லாம் அறிவுரை சொல்ல வந்துவிட்டார்" என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். தப்பு என்னுடையது, அதனால்தான் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. கருப்பு நாயை ஏற்றிக்கொள்ள வேண்டியவர் சரியாக வந்துவிட்டார், குட்டியை எடுத்துக்கொள்ள வேண்டியவர் வரவேயில்லை. முந்தின நாள் வாட்ஸப்பில் கட்டைவிரல் போட்டிருந்தார். இந்தக் கட்டைவிரலை யார் கண்டுபிடித்தார்களோ! அதற்கு "வருகிறேன்" என்று அர்த்தமா, "படித்தேன்" என்று அர்த்தமா, "என்னை விடு" என்று அர்த்தமா? எங்கள் குடியிருப்புச் சங்கத்திலும் இதே கதைதான், தண்ணீர்த் தொட்டி கழுவ 14 கட்டைவிரல் விழுந்தது, காலையில் துடைப்பத்தோடு நின்றது நானும் 70 வயதுப் பெரியவர் ஒருவரும். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்களேன், யார் அடிக்கப் போகிறார்கள்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அதனால் குட்டி என் வீட்டுக்கே வந்தாள், 7 வாரம் இருந்தாள். பந்தய நாய் கூண்டு வரிசையில் வளர்ந்தது, வீடு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. மாடிப்படி தெரியாது, கண்ணாடிக் கதவில் மூஞ்சியை மோதிக்கொள்ளும் (அதன் கண் உயரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்). வழவழப்பான தரையில் நான்கு காலும் விரிய அப்படியே உறைந்து நிற்கும். வெளியே போகும் பழக்கம் மட்டும் ஏற்கெனவே இருக்கும், கூண்டிலிருந்து நேரப்படி திறந்துவிடுவார்கள், நீங்களும் அதே மாதிரி நேரம் வைத்து வெளியே அழைத்துப் போனால் போதும். தூங்கும் நாயைத் தொடாதீர்கள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவை உண்டு, தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வரும். தள்ளி நின்று பேர் சொல்லி எழுப்புங்கள். பிளாஸ்டிக் வாய்க்கூட்டைப் பார்த்துக் கொடுமை என்று நினைக்காதீர்கள், அது அவற்றுக்குப் பழகியது. வீட்டில் பூனை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் கொண்டுபோகும்போது இது கிரேஹவுண்டு என்று இரண்டு தடவை சொல்லுங்கள். இவற்றுக்குத் தைராய்டு அளவு இயல்பாகவே மற்ற நாய்களைவிடக் குறைவு, சிவப்பணு அதிகம், சில மயக்க மருந்துகள் உடம்பை விட்டு இறங்க வெகு நேரமாகும். ஒரு மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த கையோடு தைராய்டு மாத்திரை எழுதினார். நான் வாயைத் திறந்ததும் "நீங்கள் டாக்டரா?" என்று கேட்டார். இல்லைதான். வேறு மருத்துவரிடம் காட்டினேன், மாத்திரை தேவைப்படவில்லை.

மீட்பு என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. வேகம் குறைந்ததாலோ கால் அடிபட்டதாலோ மூன்று, நான்கு வயதில் வெளியே வருகிறவைதான் அதிகம், இன்னும் எட்டுப் பத்து வருட ஆயுள் பாக்கி இருக்கும். சில பயிற்சியாளர்கள் தாங்களே போன் செய்து நாயை ஒப்படைக்கிறார்கள். நான் பந்தயத்துக்கு ஆதரவாளன் இல்லை, ஆனால் நாயை வாங்கப் போன இடத்தில் சண்டை போட்டால் அடுத்த நாய் வராது. பந்தயமே நிற்கும்போது ஒரே மூச்சாக வந்து குவியும். சீனாவின் மக்காவ் நகரில் இருந்த நாய்ப் பந்தயத் திடல் 2018-இல் மூடியபோது அங்கே 500-க்கும் மேற்பட்ட நாய்கள் மிஞ்சின, பல நாடுகளில் அவற்றுக்கு வீடு தேட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் அதே வருடம் வாக்கெடுப்பில் மக்கள் தடைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள், 2020 முடிவோடு அங்கே பந்தயம் நின்றது. அந்த மாதிரி நேரத்தில் அன்பு காட்ட ஆள் கிடைத்துவிடுவார்கள், வண்டிதான் கிடைக்காது.

"திருப்பிக் கொடுக்க எப்படி மனசு வருகிறது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாயை நான் நிரந்தரமாக வைத்துக்கொண்டால் அடுத்த நாய்க்கு இடம் போய்விடும், அவ்வளவுதான் என் கணக்கு. அன்றைக்கு அழமாட்டேன் என்று சொல்லவில்லை.

குட்டியைக் கூட்டிப் போக ஒரு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். வாசலில் பட்டையை மேலே ஏற்றி இரண்டு விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், அந்த வீட்டம்மா குனிந்து அவள் கழுத்தைத் தடவி, "கொஞ்சம் தளர்த்தலாமே, பாவம்" என்றார். கயிற்றை அவர் கையில் கொடுக்காமல், லாரியிலிருந்து ஊதல் வரைக்கும் முழுக் கதையையும் சொன்னேன். குட்டி சலித்துப்போய் என் காலில் மொத்த எடையையும் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டிக்கே முதலில் பேர் கொடுங்கள். முதல் இரண்டு தடவை தனியாகப் போகாதீர்கள், நீங்கள் நாயைப் பிடித்திருக்கும்போது கதவைத் திறக்க இன்னொரு ஆள் வேண்டும்.