அப்பா குடிப்பார் என்று எழுதினேன்

வணக்கம் ஐயா,

திருநெல்வேலியில் குற்றவியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். ஊரில் எல்லோரும் ‘வக்கீலா, போலீஸா?’ என்கிறார்கள். இரண்டும் இல்லை என்றால் ‘அப்புறம் எதுக்குப்பா?’ என்கிறார்கள். அனுபவத்துக்கு எங்கே போவது? தடய அறிவியல் சான்றிதழ் வகுப்பு ஒன்றுக்கு நாற்பதாயிரம் கேட்கிறார்கள். சேரலாமா? நன்னடத்தை அலுவலராக இருந்தவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

சேர வேண்டாம். ஆய்வக வேலைக்கு வேதியியல், உயிரியல் மாதிரி ஒரு அறிவியல் பட்டம் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் உங்களை உள்ளே கொண்டுபோகாது.

நன்னடத்தை அலுவலர் வேலை வேறு. சிறுவன் ஒருவன் வழக்கில் சிக்கினால், அவன் வீடு, பள்ளி, சகவாசம் எல்லாம் விசாரித்து, சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு 15 நாளில் சமூகப் புலனாய்வு அறிக்கை தர வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்லும் கெடு இது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தது பழைய சட்டம். அறிக்கை அப்போதும் உண்டு. சைக்கிள் திருடிய பையன் ஒருவனைப் பற்றி, ‘தந்தை குடிப்பழக்கம் உள்ளவர்’ என்று எழுதினேன். விசாரணையன்று அவன் அம்மா எழுந்து, “அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க” என்றார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சித்தப்பாவை. நான் அந்த வீட்டுப் படியேறவே இல்லை. தெருமுனைக் கடையில் டீ குடித்தபடி குறிப்பெடுத்தவன். மாஜிஸ்திரேட் திட்டவில்லை. அறிக்கையை மடித்து என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான்.

அதனால் முதலில் எழுதிப் பழகுங்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏறுகின்றன, பாலியல் வழக்கு போன்றவை தவிர. பத்து எடுத்துப் படியுங்கள். எதைப் போலீஸ்காரர் பார்த்தார், எது பிறர் சொன்னது என்று பென்சிலால் பிரித்துக் கோடு போடுங்கள். அப்புறம் வாரம் ஒரு காலை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் சிறார் வழக்கும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கும் மூடிய விசாரணை, அங்கே முடியாது. வாய்தா வாங்க ஒரு குடும்பம் ஒரு நாள் கூலியை விட்டு வந்து நிற்பதைப் பாடப்புத்தகத்தில் பார்க்க முடியாது.

இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகவும் சேரலாம். மாணவர்களை எடுப்பார்கள். சிறையில் நன்னடத்தையோடு இருக்கும் படித்த தண்டனைக் கைதிகள்கூட இந்தப் பணி செய்யலாம், தெரியுமா? பயிற்சி தந்து, காவல் நிலையம், சிறை என்று அனுப்புவார்கள். கையில் வருவது சிறு மதிப்பூதியம்தான்.

வேலை என்று பார்த்தால், உதவி ஜெயிலர், நன்னடத்தை அலுவலர் இரண்டும் டி.என்.பி.எஸ்.சி. வழி. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்த வேலை கிடைக்கும், சம்பளம் குறைவு. ‘குற்றவியலாளர்’ என்று பலகை மாட்டிய நாற்காலி எதையும் நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை எழுதும்போது அந்தப் பத்தில் எத்தனை எஃப்.ஐ.ஆர். படித்தீர்கள் என்று சொல்லுங்கள்.