வன்தட்டு அடிக்கடி காணாமல் போவது ஏன்?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து கேட்கிறீர்கள்: மேசைக் கணினியின் இரண்டாவது வன்தட்டு திடீரென மறைந்து, பிறகு தானே தோன்றுகிறது, செத்துவிட்டதா?

உடனே புதியது வாங்க ஓடாதீர்கள். முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் பிரதியெடுத்துவிட்டு, வன்தட்டின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ (CrystalDiskInfo) மென்பொருளில் சி7 (C7) என்ற வரியைப் பாருங்கள். அது வன்தட்டைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் சாட்டா (SATA) தரவுக் கேபிளில் நேரும் பிழைகளின் எண்ணிக்கை. ஒருபோதும் பூச்சியத்துக்குத் திரும்பாது; கேபிளை மாற்றிய பின்னும் கூடுகிறதா என்பதே முக்கியம். அதே பட்டியலில் 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), சி5 (சரியாகப் படிக்க முடியாத பகுதிகள்) ஆகியவை ஏறினால் தட்டின் பரப்பே கெட்டுவருகிறது. அதற்கு வைத்தியம் இல்லை.

காதையும் பயன்படுத்துங்கள். மறையும் கணத்தில் தட்டு 'டிக்' என்று நின்று மறுபடி சுழலத் தொடங்கினால், பெரும்பாலும் மின்சாரம்தான் விட்டுப்போகிறது. என் கணினியில் குற்றவாளி, ஒரு மின்கேபிளை இரண்டாகப் பிரிக்கும் மலிவு இணைப்பான். கழற்றிப் பார்த்தேன்: 15 முனைகளில் இரண்டில் பச்சைக் களிம்பு. கடற்காற்று நம்மூரில் ஜன்னல் கம்பியையே விடுவதில்லை! அதை வீசிவிட்டு, மின்வழங்கியிலிருந்து நேரடியாக இணைத்தேன். கணினியை அணைத்து, மின்செருகியைப் பிடுங்கிய பிறகே இதைச் செய்யுங்கள்.