விவாகரத்து ஆகிச் சில மாதங்களே ஆன நிலையில் புதிய உறவைத் தேடத் தொடங்கலாமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்ட தோழி தன் நிலையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். வயது 34, தனியார் நிறுவனத்தில் வேலை, ஆறு வயதில் ஒரு மகள், பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து ஆகி நான்கு மாதம். தை மாதத்துக்குள் அடுத்த வரனை முடித்துவிட வேண்டும் என்று பெற்றோர் நிற்கிறார்கள். அவருக்கோ மறுபடியும் ஒரு பெண் பார்க்கும் படலத்தில் உட்கார மனமில்லை. பழகிப் பார்த்து முடிவெடுக்க விரும்புகிறார். அது சரியா, எப்போது தொடங்கலாம் என்று கேட்கிறார்.

தாராளமாகப் பழகலாம், அதில் தவறேதும் இல்லை. எப்போது என்பதற்கு மாதக் கணக்கு எதையும் நான் சொல்லமாட்டேன். உங்கள் முதல் திருமணத்தைப் பற்றிய முழு உண்மையையும், எதிரில் இருப்பவரை உங்களுக்குப் பிடித்துப்போவதற்கு முன்பே, பதற்றமில்லாமல் சொல்லவும் அவருடைய உண்மையைக் கேட்டு வாங்கவும் உங்களால் முடிகிறது என்றால் தொடங்கலாம். பிடித்துப்போன பிறகு கேட்கப்படும் கேள்விகளுக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். கோவையில் வசிக்கும் நானும் இதே பாதையில் வந்தவள்தான். முதல் திருமணம் குடும்ப நீதிமன்றத்தில் முடிந்தது, மகன் என்னிடம் வளர்ந்தான், சில ஆண்டுகள் கழித்து, தானும் விவாகரத்தான ஒருவரை மணந்துகொண்டேன். அந்த அனுபவத்தை ஒட்டியே எழுதுகிறேன்.

காகிதங்களில் இருந்து தொடங்க வேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி சம்மதத்தில் பெற்ற தீர்ப்பு என்றால் உங்கள் நிலை தெளிவானது, ஏனெனில் இருவரும் சம்மதித்துக் குடும்ப நீதிமன்றத்தில் பெற்ற தீர்ப்பின் மீது மேல்முறையீடு கிடையாது. ஆனால் நீங்கள் சந்திக்கப்போகிறவரின் வழக்கு ஒரு தரப்பு எதிர்த்து நடத்திய வழக்காக இருக்கலாம். அப்படியானால் மேல்முறையீட்டுக்கான காலம் கடந்திருக்க வேண்டும், அல்லது தாக்கல் செய்த மேல்முறையீடு தள்ளுபடியாகி இருக்க வேண்டும். அதன்பின்தான் மறுமணம் செய்யலாம் என்று அதே சட்டத்தின் 15-வது பிரிவு சொல்கிறது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரத்தைக் காட்டி, தனக்கு எப்போதோ அத்துவிட்டது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சில சமூகங்களின் வழக்காற்றைச் சட்டம் ஏற்கிறது என்றாலும், அப்படி ஒரு வழக்காறு உண்டு என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிவரும். நிரூபிக்க முடியாவிட்டால் முதல் திருமணம் அப்படியே உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். முதல் திருமணம் நீடிக்கும்போது செய்துகொள்ளும் இரண்டாவது திருமணம் செல்லாது என்பதோடு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவின்கீழ் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமும் ஆகும். ஆகவே தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சமே வேண்டாம். என் கணவர் நாங்கள் பேசிய இரண்டாவது சந்திப்பிலேயே, நான் கேட்காமலே, பிளாஸ்டிக் உறையில் போட்ட நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். நானும் மறுமுறை என்னுடையதை எடுத்துச் சென்றேன்.

உங்கள் பக்கத்திலும் பிரிக்க வேண்டியவற்றைப் பிரித்துவிடுங்கள். காப்பீட்டுப் பாலிசியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் வங்கிக் கணக்கிலும் நியமனதாரராக முன்னாள் கணவரின் பெயர் இருந்தால், தீர்ப்பு வந்ததால் மட்டும் அது தானாக மாறிவிடாது. நீங்களே படிவம் கொடுத்து மாற்ற வேண்டும். இருவர் பெயரிலும் வீட்டுக் கடன் இருந்தால், தவணையை யார் கட்டுவது என்று உங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது, அவர் கட்டத் தவறினால் வங்கி உங்களிடம்தான் வரும். ரேஷன் கார்டு, சமையல் எரிவாயு இணைப்பு, மகளின் பள்ளியில் கொடுத்திருக்கும் தொடர்பு எண் என்று சிறியவையும் இருக்கின்றன. இந்த வேலைகளை அலைந்து முடிக்கும்போது நமக்கு ஒரு நிதானம் வருகிறது. என் பெயரில் வாடகை ஒப்பந்தம் போட்டு, மின் கட்டணத்தை நானே கட்டி, மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்த பிறகுதான், துணை வேண்டும் என்ற எண்ணத்தையும் ஆதரவுக்கு யாராவது வேண்டும் என்ற பயத்தையும் என்னால் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது.

பெற்றோரின் அவசரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'குழந்தைக்கு ஒரு அப்பா வேண்டாமா', 'எங்கள் காலத்துக்குப் பிறகு உனக்கு யார்' என்று அவர்கள் கேட்பது அன்பினால்தான். ஆனால் பல வீடுகளில் அந்த அவசரத்துக்குப் பின்னால் தங்கையின் திருமணமோ தம்பிக்குப் பெண் பார்ப்பதோ இருக்கிறது; மூத்தவள் வீட்டோடு இருந்தால் வருகிற சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம். அதை வெளிப்படையாகவே பேசிவிடுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் தினமும் ஒரு ஜாதகம் வரும். இந்தத் தை வேண்டாம், அடுத்த தை வரை வரன் பேச்சு எடுக்காதீர்கள், அதற்குள் எனக்கு யாரையாவது பிடித்தால் நானே முதலில் உங்களிடம் அழைத்து வருகிறேன் என்று காலம் குறித்துச் சொன்னால் பெரும்பாலான பெற்றோர் பொறுத்துக்கொள்வார்கள்.

எங்கே தேடுவது என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. மறுமணத்துக்கென்றே தனிப்பகுதி வைத்திருக்கும் திருமணத் தகவல் தளங்கள், நண்பர்கள் வழி அறிமுகம், அலுவலக வட்டம் ஆகிய மூன்றும் டேட்டிங் செயலிகளைவிட உங்கள் நிலைக்குப் பொருத்தமானவை என்று நினைக்கிறேன், ஏனென்றால் குழந்தை இருப்பதை அங்கே முதல் வரியிலேயே சொல்லிவிட முடியும். செயலியைத்தான் பயன்படுத்துவேன் என்றாலும் குறையில்லை. அங்கே மனைவியோடு வாழ்ந்துகொண்டே தனி ஆள் என்று எழுதுபவர்கள் உண்டு என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். விடுமுறை நாளில் அழைப்பை எடுக்காதவர், வீடு எந்தத் தெருவில் என்று சொல்லாதவர், ஒரு நண்பரைக்கூட அறிமுகப்படுத்தாதவர் ஆகியோரிடம் நேரடியாகவே கேளுங்கள். மணமகள் தேவை விளம்பரங்களில் 'இன்னசென்ட் டைவர்ஸி' என்றும் 'பெயரளவில் நடந்த திருமணம்' என்றும் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொற்கள் எனக்கு வருத்தம் தருகின்றன. பல ஆண்டுகள் வாழ்ந்து, பிள்ளை பெற்று, பிறகு பிரிந்தவர் ஏதோ குற்றம் செய்தவர் என்பதுபோல் அவை ஒலிக்கின்றன. அப்படி எழுதுபவரோடு பேசவே கூடாது என்றில்லை, ஆனால் அந்தச் சொல்லை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேளுங்கள்.

பண மோசடியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தனித்திருப்பவர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடிக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: வெளிநாட்டில் மருத்துவர் அல்லது பொறியாளர் என்று அறிமுகம், சில வாரங்கள் விடாத அன்பு, பிறகு பரிசுப் பொருள் விமான நிலையச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, கட்டணம் கட்ட வேண்டும் என்று ஓர் அழைப்பு. இப்போது அதற்குப் பதிலாக, லாபம் கொட்டும் முதலீட்டுச் செயலி ஒன்றைக் காட்டுகிறார்கள். நேரில் பார்த்திராத எவருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்; அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு காலம் கடத்தாமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் முடக்க அதுதான் வழி.

இனி, நேரில் பேசுவது. முதல் சந்திப்புகளைப் பகலில், மக்கள் நடமாடும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம் என்பது ஒரு தோழிக்காவது தெரிந்திருக்கட்டும். நாங்கள் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நடந்துகொண்டே பேசினோம். எதிரும் புதிருமாக உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயங்கள், பக்கத்தில் நடக்கும்போது எளிதாக வாயில் வந்தன. உங்கள் திருமணம் ஏன் முடிந்தது என்று கட்டாயம் கேளுங்கள், பதிலைவிட அவர் பதில் சொல்லும் விதத்தைக் கூர்ந்து கவனியுங்கள். எல்லாத் தவறும் அவள்மீதுதான் என்று பத்து நிமிடத்தில் முடிப்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. முதல் நாளே சொல்ல விருப்பமில்லை என்பவரை மதிக்கலாம், ஆனால் மூன்றாவது நான்காவது சந்திப்பிலும் அதே பதில் வந்தால் அது மறைப்புதான். தன் பிள்ளையின் தாயைப் பற்றிப் பேசும்போது ஒருவர் எந்த வார்த்தைகளைப் பயன்படுத்துகிறாரோ, நாளை கருத்து வேறுபாடு வரும்போது உங்களைப் பற்றியும் அவர் ஏறத்தாழ அப்படித்தான் பேசுவார். உங்களிடமும் இதே கேள்வி வரும். அதற்கு உண்மையான, சுருக்கமான, யாரையும் தூற்றாத ஒரு பதில் உங்களுக்குள் தயாராக இருக்க வேண்டும். சொல்லும்போது இன்னும் அழுகையோ ஆத்திரமோ அடைத்துக்கொண்டு வந்தால், சற்றுப் பொறுத்துத் தொடங்குவது நல்லது.

மனைவியை இழந்தவர்களின் வரன் வந்தால் வேறொன்றையும் பார்க்க வேண்டும். சில குடும்பங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் சமைத்துப்போடவும் ஓர் ஆளைத்தான் தேடுகின்றன. அவர் தன் துக்கத்தைப் பற்றித் தானே உங்களிடம் பேசுகிறாரா, அல்லது அவருடைய அம்மாவும் அக்காவும் மட்டும் பேசுகிறார்களா என்பதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பணம் பற்றிய பேச்சை நிச்சயத்துக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் ஒரு கோடு போட்ட நோட்டின் நடுத்தாளைப் பிரித்து, இடப்பக்கம் அவரும் வலப்பக்கம் நானும் எழுதினோம்: கையில் வரும் சம்பளம், கடன் தவணை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்துச் செலவு, அவர் தன் முதல் மனைவிக்கு மாதாமாதம் தர வேண்டிய ஜீவனாம்சம். அந்தக் கடைசி வரியை அவர் முதலிலேயே எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. உங்களுக்கு மாதாந்திர ஜீவனாம்சம் வருகிறது என்றால், மறுமணத்துக்குப் பிறகு அதைக் குறைக்கவோ நிறுத்தவோ முன்னாள் கணவர் நீதிமன்றத்தை நாடலாம். மகளுக்கான பராமரிப்புத் தொகை தனி, தாயின் மறுமணத்தால் தந்தையின் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது. உங்கள் நகைகள் உங்கள் பெயரிலான பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

உடல் நெருக்கத்தைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதுவதில்லை என்பதால் சொல்கிறேன். பல ஆண்டு தாம்பத்தியத்துக்குப் பின் தனித்திருக்கும்போது தொடுதலுக்காக ஏங்குவது இயல்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஏக்கம் தணியும்போது வரும் நிம்மதியைப் பொருத்தம் என்று நினைத்துவிடுவது சுலபம். வயது வந்த இருவர் எடுக்கும் முடிவு அது. பாதுகாப்பு உறையைப் பற்றிப் பேச முடியாத ஒருவரோடு அந்த முடிவை எடுக்க வேண்டாம் என்பேன்.

மகளுக்கு எப்போது அறிமுகம் செய்வது என்பதில்தான் எல்லாவற்றையும்விடப் பொறுமை வேண்டும். நீங்கள் இருவரும் திருமணத்தைப் பற்றித் தெளிவாகப் பேசி முடித்த பிறகே அவர் மகளின் கண்ணில் படட்டும். ஆறு வயதுக் குழந்தை ஒருவரோடு ஒட்டிக்கொண்டு, பிறகு அவரும் வராமல் போனால் அது இரண்டாவது பிரிவு. முதல்முறை பூங்காவிலோ தோழியின் வீட்டு விருந்திலோ பலரில் ஒருவராக அவர் இருந்தால் போதும். 'அப்பா என்று கூப்பிடு' என்று தாத்தா பாட்டி சொல்லிக்கொடுப்பார்கள், அதை அன்போடு தடுத்துவிடுங்கள். குழந்தைக்கு அப்பா ஏற்கெனவே இருக்கிறார். என் மகன் நெடுநாள் இவரை அங்கிள் என்றுதான் அழைத்தான். ஒரு மழை நாளில் பள்ளி வாசலில் இவரைக் கண்டதும் நண்பர்களிடம், "எங்க வீட்டு ஆளு வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தான். வீட்டில் வந்து அதை எங்களிடம் சொன்னவரின் குரல் தழுதழுத்தது.

மறுமணம் செய்தால் குழந்தை பறிபோய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். தாய் மறுமணம் செய்துகொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக அவரிடமிருந்து குழந்தையைப் பிரிக்க முடியாது என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை. திருமணம் எந்த முறையில் நடந்தாலும் தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அப்போது இருவரின் விவாகரத்துத் தீர்ப்பு நகலும் தேவைப்படும்.

மகளின் தந்தைக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அனுமதி கேட்கும் நிலையில் அவரும் இல்லை, அவருடைய அனுமதி கேட்கும் நிலையில் நீங்களும் இல்லை. ஆனால் அவர் வாரந்தோறும் மகளைப் பார்க்க வருகிறார் என்றால், குழந்தையின் வாய்வழியாகவோ உறவினர் வழியாகவோ தெரிவதற்கு முன் நீங்களே எழுத்தில் இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: இன்னாரை மணக்க இருக்கிறேன், மகளை நீங்கள் சந்திக்கும் நாளும் நேரமும் வழக்கம்போல் தொடரும் என்று. அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.