கொஞ்சம் கீழே பாருங்கள்

கேள்வி: மன்னார்குடியில் கல்யாண போட்டோகிராபராக இருக்கிறேன். ஓய்வு நாளில் கேமராவோடு கிளம்பினால் தஞ்சைப் பெரிய கோயில் விமானம், நடவு வயல், வாத்துக் கூட்டம் என்று எல்லாமே யாரோ ஏற்கெனவே எடுத்த படம் மாதிரி வருகிறது. கம்ப்யூட்டரில் மாற்றிப் பார்த்தால் 'ஏமாற்று வேலை' என்கிறான் நண்பன். என்னதான் செய்வது?

பதில்: தம்பி, உங்கள் நண்பரிடம் லின்னேயஸ் டிரைப் என்பவரைப் பற்றிச் சொல்லுங்கள். சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர். 1858-ல் தஞ்சையைப் படம் எடுத்தவர். அன்றைய காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக விழும். மனிதர் நெகட்டிவ் மேலேயே வண்ணம் தொட்டு மேகம் வரைந்துவிடுவார். ஏமாற்று என்றால் அது நம் தாத்தாவுக்குத் தாத்தா காலத்து ஏமாற்று.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்க்கும் கோயிலில் அவர் கேமராவை அடித்தளத்துக் கல்வெட்டுப் பக்கம் திருப்பினார். நகர்ந்து நகர்ந்து எடுத்த 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஒட்டியிருக்காவிட்டால் அந்தப் படமே கிடையாது.

நீங்களும் கீழே பாருங்கள். மேட்டூர் திறந்து உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததும், சேற்றுழவு முடித்துப் பரம்பு ஓட்டிச் சமன் செய்த வயல் ஓரிரு நாள் கண்ணாடியாகக் கிடக்கும். (இப்போது நேரடி விதைப்பு நிறைய. எந்த வயலில் நடவு என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.) காற்று எழும்புமுன், விடியலில் போய் வரப்பில் உட்காருங்கள். கேமரா தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருக்கட்டும். லென்ஸில் போலரைசர் ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள், பிரதிபலிப்பைத் தின்றுவிடும். தென்னையையும் கரண்ட் கம்பத்தையும் தண்ணீருக்குள் மட்டும் எடுங்கள். வீட்டுக்கு வந்து படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். தென்னை நேராக நிற்கும். சேற்றுக் கட்டியும் உழவர் காலடியும் வானத்தில் மிதக்கும். கறுப்பு வெள்ளையிலும் ஒருமுறை பாருங்கள். பச்சையை மட்டும் கூட்டாதீர்கள், டெல்டாவுக்கு அது தேவையில்லை.

அதுவரை கை பழக உங்கள் ஊர் ஹரித்ராநதி தெப்பக்குளம் இருக்கிறது. ஒரே படித்துறை, பத்து விடியல்.

செய்திப் படத்திலும், மாற்றக் கூடாது என்று சொல்லும் போட்டியிலும் கை வைக்காதீர்கள். நடவுப் பெண்களைக் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள். மற்றபடி மாற்றியதை மாற்றியது என்று சொன்னால் போதும். உண்மையில் எனக்கு ஏமாற்றாகப் படுவது கல்யாண ஆல்பத்தில் மாநிறப் பெண்ணை வெளுப்பதுதான். அதை நண்பர் ஏன் கேட்கவில்லை?

சீக்கிரம் கிளம்புங்கள். நாற்றுக்கட்டு வரப்பில் இறங்கிவிட்டால் அடுத்த வாய்ப்பு சம்பா நடவுக்குத்தான்.