16 வயது மகன் கூர்நோக்கு இல்லத்தில்: எந்த வக்கீலைப் பார்ப்பது?

கேள்வி: செல்போன் வழிப்பறி வழக்கில் என் மகனையும் 20 வயதைத் தாண்டிய இருவரையும் பிடித்தார்கள். அவனுக்கு 16 வயது 8 மாதம். இப்போது கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். தெரிந்த வக்கீல் ஒருவர், மூவருக்கும் சேர்த்தே ஆஜராகிறேன் என்று பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தொகையைவிட, 'மூவருக்கும் சேர்த்து' என்பதுதான் உறுத்துகிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 23-இன்படி சிறாரின் வழக்கைப் பெரியவர்களோடு சேர்த்து நடத்தக் கூடாது. மற்ற இருவரும் நாளை "பறித்தது பையன்தான்" என்று சொன்னால், அந்த வக்கீல் யார் பக்கம் பேசுவார்?

உங்கள் மகனின் ஜாமீன் மனு போக வேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அமரும் இடம் அது. செஷன்ஸ் கோர்ட்டில் பெயர் பெற்றவரைவிட, குழுமத்துக்கு வாராவாரம் போய்வருபவரே உங்களுக்கு உதவுவார்.

கட்டணம் இல்லாமலும் வக்கீல் கிடைப்பார். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டம் பிரிவு 12-இன்படி, குழந்தைகளுக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், பையனின் வயது, காவல் நிலையம், வழக்கு எண், போட்டிருக்கும் பிரிவுகள், அவன் இருக்கும் இல்லம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்கும் அழைக்கலாம். குழுமத்திடமே கேட்டாலும், ஏற்பாடு செய்வது அதன் கடமை. அப்படி வருபவர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டாலோ, வாய்தாவுக்கு வராவிட்டாலோ, ஆணைக்குழுவுக்கு எழுதி மாற்றிக் கேளுங்கள்.

யாராக இருந்தாலும் முதலில் ஒன்று கேளுங்கள்: "எந்தப் பிரிவில் ஜாமீன் கேட்பீர்கள்?" இளைஞர் நீதிச் சட்டத்தின் 12 என்று வர வேண்டும். "இது ஜாமீனில் விட முடியாத குற்றமாச்சே" என்று இழுப்பவர் அந்தப் பிரிவைப் படிக்கவில்லை. சிறாருக்கு ஜாமீனில் விடக்கூடியது, விட முடியாதது என்ற வேறுபாடே இல்லை. குற்றவாளிகளோடு சேரும் வாய்ப்பு, பையனுக்கு ஆபத்து, நீதியின் நோக்கம் கெடுவது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால்தான் மறுக்கலாம். அதையும் காரணத்தோடு எழுத வேண்டும். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை 7 நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், அதைத் தளர்த்தக் குழுமத்தின் முன் மீண்டும் கொண்டுவர வேண்டும்.

அடுத்து, வழக்கில் உள்ள பிரிவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 309 (வழிப்பறி) மட்டும் என்றால் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. கொடிய ஆயுதம் பயன்படுத்தியதாக 311 சேர்ந்தால் குறைந்தபட்சம் 7 ஆண்டு. அப்போது அது கொடுங்குற்றம். 16 வயது முடிந்தவர் என்பதால், பெரியவர்போல விசாரிக்கலாமா என்ற முதற்கட்ட மதிப்பீடு வரும். கத்தியே இல்லாத வழக்கில் 311 எப்படி வந்தது என்று அங்கேயே கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

வயதைக் காட்ட, பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள். அவை இல்லையென்றால் பிறப்புச் சான்று. அதுவும் இல்லாதபோதுதான் எலும்பு வயதுப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை. வீட்டுச் சூழல் பற்றி அறிக்கை எழுத நன்னடத்தை அலுவலர் வருவார். படிப்பு, கூட்டாளிகள், வீட்டில் யார் கவனிப்பது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ஜாமீனுக்கு அந்த அறிக்கை நிறையவே உதவும்.

வக்காலத்தில் கையெழுத்தான உடனேயே வக்கீல் இல்லத்துக்குப் போய்ப் பையனைத் தனியாகப் பார்க்கட்டும். எப்போது பிடித்தார்கள், 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்தினார்களா, அடித்தார்களா, எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா என்று அவனிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.